கொடுக்கிற குவியலில் கேரம் போர்டு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் என் அக்கா வீட்டில். ஷிப்ட் முடிந்து நான் வர ஏழாகிவிடும். லீவு விட்டதிலிருந்து அவர்களோடு அலமாரி அலமாரியாக ஒழித்து இடுப்பு ஒடிந்துவிட்டது. "லீவுலகூட பிள்ளைங்கள சும்மா விடமாட்டியா?" என்று நேற்று நீங்கள் வேறு கத்தினீர்கள்.

ஹாலில் இருக்கும் குவியல் கொடுத்துவிட வேண்டியது. ஐந்து மணிக்குக் குழந்தைகள் இல்லத்து வண்டி வரும். ஒரு வருஷமாகத் தொடாததெல்லாம் வெளியே போகணும் என்பது நான் போட்ட சட்டம். பெரியவள் கேரம் போர்டைத் தூக்கி வந்து அங்கே சாய்த்துவிட்டாள்.

"அது அப்பாவோட விளையாடுற போர்டாச்சேடி" என்றேன்.

"அப்பாதான் தொடவே இல்லையேம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சட்டம் போட்டவளே அதை எடுத்து உள்ளே வைக்க முடியாது. நீங்கள் எடுக்கலாம், ஐந்துக்குள்.

பி.கு.: கறுப்புக் காய் ஒன்று காணோமே என்று தேடாதீர்கள். சின்னவள் பெரியவளுக்குத் தெரியாமல் உங்கள் பழைய கோட்டுப் பொத்தானை அறுத்து, அந்தக் காய்க்குப் பதிலாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.