வளைவுகளில் ஹாரன்

டிசம்பர் 2

சனிக்கிழமை. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில், தெரபிக்கு. நான், சுபஸ்ரீ, அவள் மடியில் எங்கள் தனுஷா.

முதல் வளைவில் ஹாரன். தனுஷாவின் இரண்டு கைகளும் விரிந்தன, விரல்கள் விறைத்தன, பிறகு அழுகை. நான்கு வயது. கைக்குழந்தையின் திடுக்கிடல் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை.

டிரைவர் தீனதயாளன் கண்ணாடியில் பார்த்தார். அதற்குப் பிறகு ஹாரனைத் தொடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஊர்ந்தார்.

பின்சீட்டிலிருந்து ஒருவர், "இன்னா டிரைவரே, பொண்ணழைப்பா போவுது?"

"ஆமா. பொண்ணு மடியில குந்திக்கினு இருக்குது பாரு."

தெரபி அறையில் டயானா மேடம் தனுஷாவைப் பெரிய பந்தின்மேல் மல்லாத்தி, கைகால்களை மெல்ல விரித்தார். பிறகு கட்டிப்பிடித்தாற்போல் சுருட்டினார். விரி, சுருட்டு. உடம்பு பழகப் பழகத் திடுக்கிடல் அடங்கலாம் என்கிறார். அடங்கும் என்று ஒரு தடவை சொன்னால் என்ன?

டிசம்பர் 5

பாடம் நடத்திப் பள்ளிவிட்டு வந்ததும் பாயில் நானும் தனுஷாவும். விரி. சுருட்டு. இலக்கியம் படித்தவன், மகளின் உடம்பை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 11

தனுஷாவுக்குக் கடும் காய்ச்சல். இன்றுதான் இறங்கியது. டயானா மேடம் லீவு, இனி புத்தாண்டு முடிந்துதான்.

டிசம்பர் 18

ஸ்வெட்டர் வாங்கக் கள்ளக்குறிச்சி போனோம். டிரைவர் வேறு ஆள். எல்லா வளைவிலும் ஹாரன். தனுஷா அசையவில்லை. சுபஸ்ரீ என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

கண்டக்டர் பிரிட்டோ குனிந்து பார்த்தார். "இன்னா சார், பாப்பா அழுவறதுக்கு இன்னிக்கி லீவா?"

பஸ்ஸே சிரித்தது. நானும்.

வீட்டில், அவளுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். அசையவில்லை. மறுபடி போட்டேன். போய்விட்டது. திடுக்கிடல் போய்விட்டது!

அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தேன்.

டிசம்பர் 19

டயானா மேடத்துக்குப் போனில் சொன்னேன். சந்தோஷம் என்றார். ஆனால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம், தலையைப் பின்னால் சாய்த்தும் பார்க்க வேண்டும், வந்து பார்க்கிறேன் என்றார்.

இந்த 'ஆனால்' எதற்கு?

டிசம்பர் 26

தனுஷா 'ம்மா' என்பது குறைந்துவிட்டதாம். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். சுபஸ்ரீ சொல்கிறாள். பயம் போனதும் பிள்ளை அமைதியாகிவிட்டது என்றேன். நல்ல வாக்கியம். நானே நம்பினேன்.

ஜனவரி 1

தலைக்கு ஊற்ற, சுபஸ்ரீ அவளைக் காலில் கிடத்தித் தலையைப் பின்னால் சாய்த்தாள். இரண்டு கைகளும் விரிந்தன. விரல்கள் விறைத்தன. அழுகை. எல்லாம் அப்படியே.

சுபஸ்ரீ சொம்பைக் கீழே வைத்தாள். கத்தவில்லை.

"அது எங்கயும் போவல. இவளுக்குக் காதுதான் கேக்கல."

நான் போய்த் தட்டை எடுத்துவந்தேன் — இன்னா பண்றதுக்கு எடுத்தாந்தேன்? கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஜனவரி 9

இரண்டு காதும். காய்ச்சலில் போயிருக்கலாம் என்றார் காது டாக்டர். எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். இனிப்பு கொடுத்த நாள். சுபஸ்ரீதான் தேதி சொன்னாள்.

வெளியே வந்து டயானா மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சனிக்கிழமைகளில் வழக்கம்போல அழைத்துவரச் சொன்னார்.

ஜனவரி 10

விரி. சுருட்டு. இனி வாயால் சொல்லத் தேவையில்லை. சொல்கிறேன்.

ஜனவரி 20

சனிக்கிழமை. தீனதயாளன் பஸ். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்குத் தெரியாது. ஹாரனைத் தொடாமல், முதல் வளைவு, இரண்டாவது, ஊர்ந்துகொண்டே. எதிரே ஜீப் ஒன்று உரசுவதுபோல் வந்து நின்றது.

எழுந்து முன்னால் போனேன்.

"அண்ணே, ஹாரன் அடிங்க."

"வேணாம் சார். பாப்பா பயந்துக்கும்."

"பயப்படாதுண்ணே."

கண்ணாடியில் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வளைவு வந்ததும் அடித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனுஷா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, மூங்கில்கள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.