காலில் சேறு இல்லாத நாள்

2023 ஜூன் 12, திங்கள்

மத்தியானம் இடி. நமுனுகுல மலையே உருண்டு வந்து தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரையில் விழுந்தது போல ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து ஊரைக் கூட்டின. ஒன்றைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தைத் துரை பார்த்திருந்தால் சம்பளத்தைக் கூட்டியிருப்பார். ரூபன் மட்டும் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

சாயந்தரம் அவன் அம்மா சக்தியிடம் சொன்னேன். "தங்கமான புள்ளடி. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்." அவள் "தூ தூ, கண்ணு வைக்காத" என்று சிரித்தாள்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் எல்லாம் மலைச் சேற்றை அப்படியே உள்ளே கொண்டுவருவார்கள். இது முன்பு தோட்டத்துக் கிளாக்கர் இருந்த வீடு, பலகைத் தரை. கழுவுகிறவளுக்குத்தான் தெரியும். சக்தி ஒருத்திதான் வாசல் பலகையில் காலை இரண்டு தட்டு தட்டி உதறிவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் சுத்தக்காரி.

ஜூன் 27, செவ்வாய்

கைதவறிச் சோற்றுச் சட்டியின் மூடி விழுந்தது, ரூபனுக்கு நேர் பின்னால் இருந்த கல் திண்ணையில். எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் திரும்பவில்லை. கட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கை தட்டினேன். தகரத் தட்டை எடுத்து அடித்தேன். மற்றப் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்து ஆடத் தொடங்கின. அவன் திரும்பவில்லை. கிட்டே போனேன் - என் நிழல் கட்டையின் மேல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

மூன்றரை வயது. இன்னும் ஒரு வார்த்தை இல்லை. சக்தியின் மாமியார் இராக்கம்மா, "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். போன மாதம் மிட்வைஃப் அம்மா கேட்டபோது சக்தி, "வீட்டுல நல்லா பேசுறான்" என்றாள். பிள்ளை வீட்டில் பேசுகிறான், இங்கே கூச்சப்படுகிறான் என்றுதான் நானும் இருந்தேன்.

இத்தனை நாளும் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்றேனே. தொந்தரவு இல்லாத பிள்ளை எனக்கு நல்ல பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 28

இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜூலை 6, வியாழன்

எப்படிச் சொல்வது? ஒன்பது வருடம் பிள்ளைக்காகக் காத்திருந்தவள். நானும் அவளும் சேர்ந்தேதான் கோயில் கோயிலாகப் போனோம், விரதம் இருந்தோம். ஒரே வரிசையில் நின்ற இரண்டு பேரில் அவளுக்குக் கிடைத்தது. நான் இன்னும் நிற்கிறேன். அந்த வரிசையில் நின்றுகொண்டு, உன் பிள்ளைக்குக் குறை என்று நான் சொன்னால் அது என்னவாகக் கேட்கும்?

வேறு யாராவது சொல்லட்டும் என்றால், யார் சொல்வார்கள்? பகல் முழுக்க அவனோடு இருப்பது நான்தான்.

ஜூலை 14, வெள்ளி

சொன்னேன். எல்லாரும் போன பிறகு, மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"யசோ, ஒனக்கு புள்ள இல்லாத வயித்தெரிச்சல். அதான் எம்புள்ள மேல குறை சொல்ற."

என்னைப் பார்த்து. சக்தி! என்னைப் பார்த்து! எந்த வாயாலடி சொன்ன? ஒனக்கு வயித்துல தங்கிருச்சுன்னு கேட்டப்ப தண்ணி பீலிக்கரையில ஒக்காந்து ஒன்ன விட நாந்தானே கூட அழுதேன். சந்தோசத்துலதானே அழுதேன்? - சந்தோசத்துல மட்டுந்தானா? தெரியல. இப்ப எனக்கே தெரியல.

ஜூலை 17

ரூபன் வரவில்லை. இராக்கம்மாவிடம் வீட்டில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கிறாளாம்.

ஜூலை 26, புதன்

திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையை நீட்டினாள், போய்விட்டாள். மாமியார் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றாரா? ரூபன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினான். அவனுக்கு என்மேல் கோபம் இல்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி



மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது. பீலியில் நூலாகத்தான் தண்ணீர் விழுகிறது. மலையெல்லாம் புழுதி, சேற்றுக்கு எங்கே போவது? சாயந்தரம் ரூபன் வாசலுக்கு முதுகைக் காட்டிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சக்தி வந்தாள். காய்ந்த காலை வாசல் பலகையில் இரண்டு தட்டு தட்டினாள்.

அவன் கட்டையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான்.

தட்டு அடித்துக் கூப்பிட்டபோது திரும்பாத பிள்ளை.

அவள் சேற்றை உதறவில்லை. ஒருநாளும் உதறியதில்லை. பலகை அப்படி இரண்டு தரம் அதிர்ந்தால் அம்மா வந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், இத்தனை காலமும், என் கண் முன்னால். நான் அதைப் பார்த்துச் சுத்தக்காரி என்று பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தெரியும். எனக்கு முன்பே தெரியும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் துணி எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். காது, குறை, டாக்டர் எதையும் எடுக்கவில்லை. "நீ கால தட்டுறது எனக்கு இப்பதான் தெரிஞ்சுதுடி" என்றேன்.

துணியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அழுதாள், சத்தமே இல்லாமல்.

"ஒம்பது வருசம் மலடின்னாங்க. இப்ப செவிட பெத்தவன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு கெழம மாமிகிட்ட விட்டுட்டு மலையில எனக்கு கொழுந்தே தெரியல யசோ. எந்த நேரம் கண்டுபுடிப்பாங்களோன்னு. ஒங்கிட்டதான் பயம் இல்லாம விட்டுட்டு போவேன்."

அன்றைக்குப் பேசியதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "என்னான்னு சொல்லிட்டு போறது?" என்றாள். அவள் புருஷன் புவனேந்திரனுக்குக் கொழும்பில் கடை வேலை, மாமியார்தான் இங்கே அவளுக்குக் கண்காணி. எனக்குச் சட்டென்று வாயில் வந்தது: "எனக்குப் புள்ள தங்குறதுக்கு கிளினிக், தொணைக்கு போறேன்னு சொல்லு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்ப போறது?" என்றாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

போய் வந்தோம். காதில் குழாய் வைத்து, கம்ப்யூட்டரில் கோடு பார்த்து, நாள் முழுக்க ஆனது. டாக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார். ஒரு காதில் ஒன்றும் இல்லை. மற்றதில் கொஞ்சம். காது கேட்க மெஷின் போடலாம். ஒரு வயதில் கொண்டுவந்திருந்தால் பேச்சு நன்றாக வந்திருக்கும்.

சக்தி, "இப்ப எப்ப பேசுவான்?" என்று மட்டும் கேட்டாள். தாதி ரூபனின் தலையைத் தடவினார்.

பஸ்ஸில் அவன் என் மடியில் தூங்கினான். பதுளை தாண்டி ஹாலிஎல ஊர்கூட வரவில்லை, சக்தி பேசினாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"தெனமும் நீ நல்ல புள்ளன்னு சொல்லுவியா... எனக்கு அது போதும். யசோ பொய் சொல்ல மாட்டா, அவளே சொல்றா, அப்ப ஒன்னும் இல்லன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் கால தட்டுவேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 3

பிள்ளைக்காக நான் கிளினிக் போகிறேன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிற பெண்கள், "என்னா யசோ, ஏதும் விசேசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இராக்கம்மாவே கோயில் விபூதி கொண்டுவந்து என் நெற்றியில் பூசி, "இந்த தடவ தங்கும் பாரு" என்றார். தன்னை முழுதாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறார் அந்த அம்மா.

என் வீட்டுக்காரர், இவருக்கும் வெளியில் கேட்டுத்தான் தெரிந்திருக்கிறது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா?" என்றார். தோணவில்லை. அதுதான் உண்மை. சொன்னேன். சாப்பிடாமல் எழுந்துபோனார்.

2024 பெப்ரவரி 12, திங்கள்

மெஷின் வந்தது. பிள்ளையின் காதில் ஏறியதும் ஒளிக்க என்ன இருக்கிறது? சக்தி பயந்த அத்தனையும் நடந்தது, அவள் பயந்த அதே வார்த்தைகளில். லயத்து வாசலில் எல்லாருக்கும் முன்னால் இராக்கம்மா கத்தினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இந்த மலடிதான் கண்ணு வச்சா. கிளினிக்குன்னு பொய் வேற."

நான் சக்தியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பெப்ரவரி 13

ஒரு வார்த்தைதானேடி.

ஜூன் 21

காலையில் விடுகிறாள், சாயந்தரம் காலைத் தட்டுகிறாள், கூட்டிக்கொண்டு போகிறாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. ரூபன் மெஷினைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான். இன்று "மா" என்று ஒரு சத்தம் வந்தது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம்? அவளிடம்தான். சாயந்தரம் வாயெடுத்தேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். "அப்புடியா? எப்புடி சொன்னான்?" என்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

2025 ஜனவரி 27, திங்கள்

ரூபனைப் பதுளையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். விடுதி. புவனேந்திரன் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், சக்தியும் போயிருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். அவனுடைய பாயைச் சுருட்ட மனம் வரவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மழை விட்டு வெயில். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. வாசலுக்கு முதுகைக் காட்டிக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பலகையில் இரண்டு தட்டு.

திரும்பினேன். சக்தி. கூட்டிக்கொண்டு போகப் பிள்ளை இல்லை, காலில் சேறும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வருடமாகச் சொல்லாத பெயர் வாயில் வரவில்லை போலும்.

உள்ளே வந்து ரூபனின் பாயில் உட்கார்ந்தாள்.

"அங்க விடுதில சிமெந்து தரடி. மெசின கழட்டிட்டு கட்டில்ல ஒக்காந்திருந்தான், அந்த பக்கம் பாத்துக்கிட்டு. வரப்போ வாசல்ல நின்னு தட்டுனேன். ரெண்டு தடவ, மூனு தடவ. அவன் திரும்பல."

பெரிதாக எதையாவது சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு வராது, பொய் சொல்லவும் இனி முடியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் திரும்பிட்டேன்ல" என்றேன்.