மாமியின் சூட்டு மெத்தை

சித்திரை, சனிக்கிழமை

ஈரத் துணியில் வைத்த நாலு கஞ்சா விதைகளும் வேர்விட்டிருந்தன. காலையில் சின்னச் சட்டிகளில் நட்டு, கீழே பேஸ்மென்டில் வைத்தேன். இந்தக் குளிர்நாட்டில் வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. மனைவிக்கும் தெரியும். அவளுடைய அம்மா, மாமியிடம் மட்டும் செவ்வந்தி என்றேன். சூடு இல்லாவிட்டால் வராது என்றும் சொல்லிவைத்தேன்.

பின்னேரம் பார்த்தால், மாமி தன் முழங்கால் வலிக்கு வைக்கும் மின்சாரச் சூட்டு மெத்தை சட்டிகளுக்குக் கீழே கிடக்கிறது.

"மாமி, உங்கட காலுக்கு?"

"எனக்கு நோவு பழகிப்போச்சு தம்பி. முதல் பூ மாதாவுக்கு எண்டு நேந்திட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம் மாமி" என்றேன்.

இப்போது பக்கத்து அறையில் தைலம் மணக்கிறது. மாமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கீழே என் விதைகள் சூடாக இருக்கின்றன.