தரவையில் அடித்த கிராவல்

அன்பு மகன் மாரீஸ்வரனுக்கு உன் அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சுகம். சிங்கப்பூரில் நீயும் மருமகள் மகேஸ்வரியும் பேத்தியும் சுகமாக இருக்க நம் கருப்பணசாமி துணை இருப்பார். உன் மேல் எனக்கு வந்திருக்கும் கோபமும் ஒரு குறையும் இல்லாமல் நல்ல சுகமாக இருக்கிறது.

இது நானே எழுதும் கடிதம், யாரையும் வைத்து எழுதவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஹமீதா பானு டீச்சரிடம் தாள் மட்டும் வாங்கிக்கொண்டேன். முதல் கடுதாசி யாருக்குங்கய்யா என்று கேட்டார், மகனுக்கு என்றேன், முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. திட்டி எழுதப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை. மழை என்பதில் வரும் ழ எனக்கு வகுப்பில் ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை, இன்றைக்குக் கோபத்தில் எவ்வளவு அழகாகச் சுழித்திருக்கிறேன் பார், எனக்கே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ அய்யா என்று இழுத்துக் கூப்பிட்டதும் எனக்குக் கோபம் இறங்கிவிடுகிறது, மிச்சத்தை நீயே பேசி முடித்துவிடுகிறாய். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

இந்தப் பங்குனிக் கடைசியில் இப்படி ஒரு மழை பெய்யும் என்று யார் கண்டார்கள். கடலில் காற்றுச் சுழற்சி என்று டிவியில் சொன்னார்கள், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றவில்லை என்றதும் எல்லோரும் மிளகாய் வத்தலைக் களத்தில் பரப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். மத்தியானம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில். அப்புறம் தெற்கே கறுத்தது, காற்று சுழற்றி அடித்தது, இடியும் மின்னலுமாக இறங்கிவிட்டது. உன் அம்மா இடியையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தார்ப்பாயைப் போட்டு மூடியதால் நம் வத்தல் பிழைத்தது. ரோட்டோரம் இருக்கும் மீனம்மாள் வீட்டுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகைப் புயலில்கூட அந்த வீட்டுப் படி நனைந்ததில்லை, ஒரு சாயங்காலக் கோடை மழைக்கு அடுப்பு மிதக்கிறது என்றால் அது எதனால் என்று உனக்குத் தெரியுமா? உன்னால்.

உன் மச்சினன் சூர்யா பேச்சைக் கேட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போனில் படம் பார்த்து ரோட்டோரத் தரவையில் மனை வாங்கினாயே, அதைச் சொல்கிறேன். தரவை என்றால் என்னவென்று நீ மறந்துபோனாயா? மழைக்குத் தண்ணீர் வந்து நிற்கும், வெயிலுக்கு உப்புப் பூத்துக் கிடக்கும், அந்த இடத்துக்குத்தான் அந்தப் பேர். கலர் கொடி கட்டி எழில் நகர் என்று போர்டு வைத்துவிட்டால் அது தரவை இல்லாமல் போய்விடுமா? அந்தப் போர்டை இப்போது நானே எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டேன், வாசிக்கத் தெரிந்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட அது விடவில்லை. ஒரு சீமைக்கருவைகூட இல்லாத சுத்தமான இடம் மச்சான், ஜேசிபி செலவு மிச்சம் என்று சூர்யா சொன்னதை நீயும் நம்பினாய். ஏலே, நம் ஜில்லாவில் கருவை முளைக்காத இடம் ஒன்று இருக்கிறது என்றால் அங்கே வேர் பிடிக்க விடாமல் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். அது உனக்குச் சுத்தமாகப் பட்டதா?

வாங்கியதோடு விட்டாயா என்றால் அதுவும் இல்லை. வைகாசியில் வாசக்கால் வைக்க வேண்டும் என்று மாசியிலேயே லாரி லாரியாகக் கிராவல் மண் அடித்து இடுப்பு உயரத்துக்கு மேடாக்கச் சொல்லியிருக்கிறாய். தரவைத் தண்ணீர் கடல் பக்கம் இறங்குவதற்கு இருந்த ஒரே தாழ்வு உன் மனைதான். அதை அடைத்துவிட்டாய், தண்ணீர் திரும்பி மீனம்மாள் வீட்டுக்குப் போனது. அவள் மகள் பிள்ளை பெற்றுத் தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பச்சை உடம்புக்காரி. அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, பிள்ளையை உன் அம்மா மாராப்புக்குள் மூடிக்கொண்டு, இடி இடிக்க இடிக்க நம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை உள்ளே அழுகிறது. யார் வீட்டுப் பிள்ளையை யார் அழவைத்தது?

மறுநாள் சூர்யா பைக்கில் வந்து, கோடைத் தண்ணிதான மாமா, ரெண்டு வெயிலு அடிச்சா வத்திரும் என்றான். மீனம்மாள் ஈரச் சேலையோடு நின்றுகொண்டு, வத்தட்டும் தம்பி, அதுவரைக்கும் எம் மகள உம் பைக்குலயா படுக்கவைக்க என்றாள். அவன் அசரவில்லை, எங்க மச்சான் இடத்துக்குப் பட்டா இருக்குத்தா, தண்ணிக்குப் பட்டா இருக்கா என்றான். தண்ணி பட்டா கேட்டா வந்துச்சு, உங்க மச்சான் மேட்டப் பாத்துட்டு எங்கிட்டுப் போறதுன்னு தெரியாமத்தான் எங்க வீட்டுக்கு வந்துச்சு என்றாள். டீக்கடையில் காஜா நவாஸ், உம் மகன் வீடு கட்டுறானா கம்மாய்க்குக் கரை போடுறானாண்ணே என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சிரித்தவர்களில் பாதிப்பேர் என் கையால் சாப்பிட்டவர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் மறுபடியும் தெற்கே மேகம் கட்டியது. இன்னும் கனமழை இருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். உனக்கு இரண்டு தரம் போன் அடித்தேன், நீ வேலையில் இருந்திருப்பாய், எடுக்கவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய் உன் கிராவலை நடுவில் வெட்டினேன். மீனம்மாளும் வெட்டினாள், காஜா நவாஸும் வாயை மூடிக்கொண்டு வந்து வெட்டினான். சூர்யா ஓடிவந்து, வெட்டாதிய மாமா, மச்சானுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று கையைப் பிடித்தான். உங்க மச்சானப் பெத்தவன் வெட்டுறான்னு சொல்லு என்றேன். தண்ணீர் சலசலவென்று கிராவலையும் அரித்துக்கொண்டு கடல் பக்கம் இறங்கியது. பொழுது சாயும் முன்னே மீனம்மாள் வீட்டில் தரை தெரிந்தது. இந்தக் கடிதம் வருவதற்குள் சூர்யா அவன் பக்கத்தைச் சொல்லியிருப்பான், இது என் பக்கம்.

நீ வெயிலில் நின்று சம்பாதித்ததுதான் அந்தக் கிராவல் என்று எனக்குத் தெரியும், வெட்டும்போது கை கூசத்தான் செய்தது. ஆனாலும் அந்த மனையில் நான் இருக்கும்வரை வாசக்கால் ஏறாது. நம் வீட்டுக்குக் கிழக்கே மேட்டு நிலம் சும்மாதான் கிடக்கிறது, அங்கே கட்டு, சின்னதாகக் கட்டு. முதலில் மீனம்மாளுக்குப் போன் போட்டு நீயே பேசு, சூர்யாவை விட்டுப் பேசச் சொல்லாதே. மருமகளிடம் அவள் தம்பியைப் பற்றிச் சொல்லிச் சண்டை போடாதே. அங்கே மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வேலை செய்யாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. பேத்தியைத் தமிழில் பேசவை.

பதிலைத் தாளில் பெரிய எழுத்தாக எழுது, நானே வாசிப்பேன். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். ஐப்பசிக்கு முன்னால் மறுபடி கிராவல் அடிக்கலாம் என்று மச்சினனும் நீயும் பேசிக்கொண்டால் ஒன்று நினைவிருக்கட்டும், மம்பட்டியை நான் கழுவி உள்ளே வைக்கவில்லை, வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன்.

உன் அய்யா
சின்னச்சாமி