முற்றத்தில் நின்ற கடல்

இன்று காலை கடையைத் திறந்ததும் நீ பெயிண்ட்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசம் முகத்தில் அடித்தது. கண்ணாடி அறுக்கும் மேசைக்கு அடியில் நீ ஒதுக்கி வைத்திருந்த டப்பா துருவேறிக் கசிந்திருக்கிறது. பழைய செய்தித்தாளைப் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வாசம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாமி படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், "என்னா சார், பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீ வரைய உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாம் முதலில் பேசியதும் ஒரு பிரேம் கடையில்தான். சிதம்பரம் மேலவீதியில் நான் வேலை பார்த்த கடை அது. நீ அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். துணியில் நூலால் பின்னிய மயில் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தாய்.

"காலு மட்டும் கோணலா வந்துடுச்சு. பிரேமுக்குள்ள மறைச்சிட முடியுமா?"

"மறைக்கலாங்க. ஆனா கால் இல்லாம மயிலு எப்படி நிக்கும்?"

நீ சிரித்தாய். பிறகு, மறைக்காமலே போட்டுவிடுங்கள் என்றாய்.

பரங்கிப்பேட்டையில் கப்பல் சாமான் வியாபாரம் செய்த வீட்டுப் பெண் நீ. நான் திருவதிகைப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த அன்றோடு உன் வீட்டு வாசல் சாத்தப்பட்டது. உன் வாப்பா, இனி இவளைப் பற்றி வீட்டில் பேச்செடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். என் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் உன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"ஊரு வாய யாரு மூடறது? இந்தப் பேரு ஒனக்கு நல்லாருக்கும், வச்சிக்கோம்மா," என்று என் அம்மா உன் கன்னத்தைத் தடவிச் சொன்னார். அதட்டிச் சொல்லியிருந்தால் நீ மறுத்திருப்பாய். அன்பாகச் சொன்னதால் தலையை ஆட்டினாய்.

கடலூரில் சொந்தக் கடை போட்டு, திருப்பாதிரிப்புலியூரில் குடிவந்தோம். நீ கோலம் போட்டாய். என் அம்மாவோடு திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்வந்தாய். பேச்சில்கூட உன் ஊர்ச் சொல் ஒன்று வராமல் பார்த்துக்கொண்டாய். மகள் பிறந்து அழுதபோது, உன் வாயில் ஏதோ ஒரு பாட்டு வரப்பார்த்தது. இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாய். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் மத்தியானம் பசிக்கவில்லை என்பாய். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நாம் அதைப் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில்வர் பீச்சுக்குப் போவோம். எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நீ மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பி, கரையைப் பார்த்து உட்காருவாய். அந்தக் கரை அப்படியே போனால் உன் ஊர். பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம். நாம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

என் அம்மா காலமான பிறகு, மகளும் ஓவியக் கல்லூரியில் படிக்கச் சென்னைக்குப் போனாள். வீடு சட்டென்று பெரியதாகிவிட்டது போலிருந்தது. நீ மத்தியானத்தில் கடைக்கு வர ஆரம்பித்தாய். நான் வெட்டிப்போட்ட ஹார்ட்போர்டுத் துண்டுகளில் கிளி, பூச்சாடி, தென்னை மரம் என்று வரைந்தாய். விடுமுறைக்கு வந்த மகள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் போனில் சில படங்களைக் காட்டினாள். ஒன்றில் மரத்துக்குக் கண் இருந்தது. இன்னொன்றில் மாடிப்படி ஒன்று வானத்துக்குள் போய் முடிந்தது.

"இது என்னாடி, எதுக்கும் எதுக்கும் சம்பந்தமே இல்ல?" என்றாய்.

"சர்ரியலிசம்னு சொல்வாங்கம்மா. கனவுல வர்ற மாதிரி வரையறது. கனவு யாருகிட்டயாவது பர்மிஷன் கேட்டுட்டா வருது?"

"வரைஞ்சிட்டா, இது என்னான்னு யாராவது கேப்பாங்களே?"

"கேக்கட்டும். பதில் சொல்லணும்னு இல்ல."

நீ அந்தப் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தாய். மறுநாள் கடைக்கு வந்து, வெட்டாத முழு ஹார்ட்போர்டு ஒன்று வேண்டும் என்று கேட்டாய்.

கடையின் பின்கட்டில் அதைச் சுவரோடு சாய்த்துவைத்துக் கொடுத்தேன். நான் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் நீ வரைந்தாய். மழைக்காலம் முழுக்க வரைந்தாய். பார்க்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. ஆனாலும் முடியட்டும் என்று நான் எட்டிப்பார்க்காமல் இருந்தேன்.

ஒருநாள் நீயே கூப்பிட்டுக் காட்டினாய். பெரிய வீடொன்றின் முற்றம். முற்றம் முழுக்கக் கடல். தண்ணீரில் அம்மிக்கல் ஒன்று தக்கை மாதிரி மிதக்கிறது. மீன்களின் வயிற்றில் சின்னச் சின்னக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் சங்கிலி போட்டிருக்கிறது. மூலையில் ஒரு பலாமரம், காய் தொங்க வேண்டிய இடத்தில் நங்கூரங்கள் தொங்குகின்றன. நடுவில் நெற்றிப்பொட்டோடு ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு வாய் இல்லை. அவளுடைய நிழல் பின்சுவரில் விழுகிறது. நிழல் முக்காடு போட்டிருக்கிறது. அந்த நிழலுக்கு வாய் இருந்தது, பாதி திறந்தபடி.

பலாமரத்தைக் காட்டி, "இது எங்க ஊரு மரமா?" என்றேன்.

"ஆமாங்க. அது இல்லாம எப்படி?"

அலைகளை மட்டும் நீ நுணுக்கி நுணுக்கிப் போட்டிருந்தாய். வளைவும் சுழியும் புள்ளியுமாக, கோலம் போலவும் இருந்தது, மீன் செதில் போலவும் இருந்தது. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு அலையே இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தாய்.

"இன்னும் முடியலியா?"

"முடியலங்க. இதுக்கு மேல எனக்கு வரல."

தங்கப்பூச்சுச் சட்டம் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. வெறும் தேக்குச் சட்டம் இழைத்துப் போட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். கண்ணாடி போட மனம் வராத படம் அது ஒன்றுதான்.

மகளும் அவள் சிநேகிதர்களும் சேர்ந்து சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு சின்ன ஹால் பிடித்துத் தங்கள் படங்களை வைத்தார்கள். உன் படத்தையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோனாள். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். பிறகு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாய். வந்தவர்கள் படத்துக்கு முன் நின்று ஏதேதோ சொன்னார்கள். நீ தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், யாரோ போல நின்றுகொண்டிருந்தாய். மகள் அந்தப் படத்தைப் போனில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தாள். அதை வெளிநாட்டில் வேலை செய்யும் உன் ஊர்க்காரர் ஒருவர் பார்த்து, பரங்கிப்பேட்டைக்கு அனுப்பியிருக்கிறார். அதெல்லாம் நமக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் படியேறி வந்தார். நேராக உன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வலது ஓரத்துக்கு நேராக விரலை நீட்டி, தொடாமல், அலை மேலேயே இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டு முணுமுணுத்தார். பிறகு கொஞ்சம் சத்தமாகவே வாசித்தார்.

"அலையே அடங்கிக்கோ, என் கண்மணி தூங்கட்டும்."

என் பக்கத்தில் நின்ற நீ என் கையைப் பிடித்தாய். நகம் அழுந்தியது. "காக்கா," என்றாய். அந்தச் சொல்லை உன் வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. உன் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

அவை அலைகள் இல்லை, எழுத்துகள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டென்றும், அதற்கு அரபுத்தமிழ் என்று பெயரென்றும், சின்ன வயதில் உன் உம்மா மடியில் உட்கார வைத்து அதைக் கற்றுக்கொடுத்தாரென்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே வரியை முற்றம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாய்.

"உம்மா பாட்டு," என்றார் அவர்.

"ஆமா காக்கா."

"மறக்கலியா நீ?"

"பாதிதான் ஞாபகம் இருக்கு. மீதி வரல. அதான் அந்த எடத்த வெறுமனே வுட்டுட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாப்பா காலமாகிவிட்டதை, யார் மூலமாகச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் இருந்துவிட்டதைச் சொன்னார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். "உம்மா?" என்று கேட்டாய்.

"இருக்காங்க. கண்ணுதான் தெரியல," என்றவர், போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "உம்மா, அந்தத் தூங்கவைக்கிற பாட்டு இருக்குல்ல, அலையே அடங்கிக்கோ... அதுக்கு அடுத்த வரி என்னா?"

"யாரு கேக்கறா?"

அவர் போனை உன்னிடம் நீட்டினார். நீ வாங்கிக் காதில் வைத்தாய், பேசவில்லை. ஹாலில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்லிய குரலொன்று, சண்டை இல்லாமல், கேள்வி இல்லாமல் பாடியது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"கப்பலுக்குப் போன வாப்பா கரைசேர்ந்து எழுப்பட்டும்."

நீ போனைக் கொடுத்துவிட்டு மகளிடம் பிரஷ் கேட்டாய். "ஷோவுல வச்ச படத்தத் தொடக் கூடாதும்மா," என்று சொன்ன அவளே ஓடிப்போய்ப் பெயிண்ட் பெட்டியைக் கொண்டுவந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வெறும் இடத்தில் நீ எழுதினாய். உன் கை வலமிருந்து இடமாக, எங்கும் தயங்காமல் போயிற்று. இத்தனை வருடம் பால் கணக்கும் மளிகைச் சீட்டும் எழுதிய அதே கை. எனக்கு அது யாரோ ஒருத்தியின் கை போலத் தெரிந்தது. பெருமையாக இருந்தது. தனியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு உனக்கு ஒரு வருடம்தான் கிடைத்தது. அந்த வருடத்தில் நீ எத்தனை முறை பரங்கிப்பேட்டைக்குப் போனாய் என்று எண்ணி வைக்கவில்லை. முதல்முறை போனபோது உன் உம்மா உன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார். நெற்றிப்பொட்டு விரலில் தட்டுப்பட்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "அழிக்கச் சொல்லலங்க. நான் அதுக்குத்தான் பயந்துகிட்டே இருந்தேன்."

பிறகு சளி என்றோம், காய்ச்சல் என்றோம், நுரையீரல் என்றார்கள். மருத்துவமனைக் கட்டிலில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்தப் படத்த வித்துடாதீங்க," என்றாய். யார் விற்கப் போகிறார்கள் என்று அதட்டினேன். நீ பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உன்னை எடுத்துப்போக என் பங்காளிகள் எல்லாம் கூடியிருந்தார்கள். உன் அண்ணன் தெருவிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டேன். அவர் என் தோளைத் தொட்டு, "ஒரு நிமிஷம் நான் ஓதிக்கலாமா மச்சான்?" என்றார். அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. நான் திரும்பி என் ஆட்களைப் பார்த்தேன். என் பெரியப்பா மகன் மேளக்காரரிடம் கையைக் காட்டி நிறுத்தினான். உன் தலைமாட்டில் நின்று அவர் இரண்டு கையையும் ஏந்தினார். அவர் முடித்த பிறகுதான் மேளம் மறுபடி தொடங்கியது.

படத்தை நான் பரங்கிப்பேட்டைக்கே கொடுத்துவிட்டேன். உன் உம்மா படுத்திருக்கும் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இப்போது வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து பேசும்போது, "அதை நாலு பேரு பாக்க வேணாமாப்பா?" என்று கேட்கிறாள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உன் உம்மா தினமும் ஒருமுறை எழுந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப்பார்ப்பாராம். பெயிண்ட்டைத் தடிமனாகப் போட்டிருக்கிறாய், விரலுக்குத் தெரிகிறது. அவர் இருக்கிற வரை அது அங்கேயே இருக்கட்டும்.

கடைக்கு விடுமுறை விடும் நாளில் நான் அங்கே போகிறேன். பேச நிறைய ஒன்றுமில்லை. உன் அண்ணன் மீன் மார்க்கெட் நிலவரம் சொல்வார், நான் கண்ணாடி விலை சொல்வேன். நீ போய்விட்டதை உன் உம்மாவிடம் சொல்லியாயிற்று. அன்று முழுவதும் அழுதாராம். இப்போது சில நாள் ஞாபகம் இருக்கிறது, சில நாள் இல்லை. போன வாரம் நான் புறப்படும்போது, ரவையும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தம்மடையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் இருக்கு மாப்புள்ள. அவளுக்கு முறுகலா இருக்கற ஓரத்துத் துண்டுதான் புடிக்கும். மறந்துடாம குடு."

உன் அண்ணன் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, "குடுத்துடறேம்மா," என்றேன்.

உனக்கு ஓரத்துத் துண்டு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. நம் வீட்டில் நீ அதைச் சுட்டதே இல்லை. பஸ்ஸில் டப்பா மடியில் சூடாக இருந்தது. பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து நடுத்துண்டை எடுத்துத் தின்றேன். ஓரத்துத் துண்டை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் காப்பியோடு அதையும் நான்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.