தனக்குத் தானே ஊற்றக் கூடாது

மாண்ட்ரியல்
17 செப்டம்பர் 2006

என் அன்பு அப்பாவுக்கு,

தீப்தி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அப்படி நழுவ முடியாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பழக்கத்தைப் பற்றிப் பிரெஞ்சில் பேச வேண்டும். நீங்கள் வேலை செய்யும் நாடு என்பதால் நான் ஜப்பானை எடுத்தேன். தேநீர்ச் சடங்கை எனக்கு முன்பே வேறொருத்தி கேட்டு வாங்கிவிட்டாள். நூலகப் புத்தகம் ஒன்றில், ஒசாகாவிலும் தோக்கியோவிலும் அலுவலகம் விட்டதும் எல்லோரும் சேர்ந்து பீர் குடிக்கப் போவார்கள், யாரும் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று இருந்தது. ஏன் என்று அதில் இல்லை. இதைத்தான் பேசப் போகிறேன் என்றதும் அம்மா, "பதிமூணு வயசுப் பொண்ணுக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்றாள். "அப்பா தினமும் பாக்கறதுதானேம்மா" என்றேன். அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள்.

மேல்மாடி சிவநேசம் ஆன்ட்டி என்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "அப்பா எப்ப வாறார் பிள்ளை?" என்று கேட்கிறார். மார்ச்சில் உங்கள் வேலை முடிகிறது, அதற்குப் பிறகு இங்கேயே இருப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே? அம்மாவிடம் கேட்டால் "அப்பாகிட்டயே கேளு" என்கிறாள். ஆகவே கேட்கிறேன்.

உங்கள்
தீப்தி

*

ஒசாகா
5 அக்டோபர் 2006

அன்புக் குட்டிம்மாவுக்கு,

உன் கடிதத்தை ரயிலிலேயே படித்துவிட்டேன். "எனக்கு முன்பே வேறொருத்தி கேட்டு வாங்கிவிட்டாள்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடையில் உட்கார்ந்ததும், யார் எதைச் சாப்பிடப் போகிறார்கள் என்று யோசிக்கும் முன்பே எல்லோருக்கும் பீர் சொல்லிவிடுவார்கள். இப்போதைக்குப் பீர், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்பது போல. பெரிய பாட்டில்கள், சின்னச் சின்ன கிளாஸ்கள். கிளாஸ் சின்னது என்பதால் அடிக்கடி காலியாகும். காலியானதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டும். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, லேபிள் மேலே தெரியும்படி ஊற்ற வேண்டும். வாங்குகிறவர் கிளாஸைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், மேஜையில் வைத்தபடி வாங்கினால் மரியாதை இல்லை. எல்லோரும் கிளாஸைத் தூக்கி 'கம்பாய்' என்று வாழ்த்துச் சொல்லும்வரை யாரும் வாய் வைக்க மாட்டார்கள். கிளாஸை இடிக்கும்போது மேலதிகாரியின் கிளாஸைவிட நம் கிளாஸ் கொஞ்சம் தாழ இருக்க வேண்டும்.

எங்கள் மேலாளர் இனோவே என்னைவிடப் பத்து வயது சிறியவர். அவர் ஊற்றும்போது நான் கிளாஸை நீட்டிக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பேன். பகலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், அங்கே என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் மறுபடி பேச மாட்டார். ஏன் என்று கேட்டாயே, இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம்மையும் ஒருவர் கவனிக்கிறார் என்று தெரியவேண்டி இருக்கிறது. இரண்டு கிளாஸுக்கு மேல் நான் குடிப்பதில்லை, அம்மாவிடம் சொல்.

மார்ச் பற்றி நேரில் பேசுவோம். டிசம்பரில் பத்து நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது.

பாசத்துடன்,
அப்பா

*

மாண்ட்ரியல்
29 அக்டோபர் 2006

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் வரும் செய்தியை சிவநேசம் ஆன்ட்டியிடம் உடனே சொல்லிவிட்டேன். "ஓம், நல்ல விசயம். அம்மான்ர முகத்திலயும் ஒரு சிரிப்பைக் காணலாம்" என்றார். அம்மாவிடம் இரண்டு கிளாஸ் விஷயத்தையும் சொன்னேன். "எனக்கு எதுக்குடி கணக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நான் நன்றாகப் பேசினேன். ஆப்பிள் ஜூஸ் வைத்து எல்லோரையும் ஜோடி ஜோடியாக ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு வகுப்பே அமைதியாகிவிட்டது. இதுவரை ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர்கூட மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டார்கள். என் தோழி வித்தியா யாரோடோ ஜோடி சேர்ந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்ததால் என் கிளாஸ் காலியாகவே இருந்தது. ஒரு பையன், "தனியா போறவங்களுக்கு யார் ஊத்துவாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

உங்கள்
தீப்தி

*

ஒசாகா
20 நவம்பர் 2006

அன்புக் குட்டிம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அந்தப் பையன் கெட்டிக்காரன். தனியாகப் போகிறவன் தானேதான் ஊற்றிக்கொள்வான். அதற்கு இங்கே ஒரு சொல்கூட உண்டு, தெஜாக்கு. சில கடைகளில் கடைக்காரர் முதல் கிளாஸை மட்டும் ஊற்றித் தருவார். அது ஓர் இரக்கம்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலை வந்து இறங்குவேன். விமான நிலையத்துக்கு அம்மாவை அலைய விட வேண்டாம். பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அப்பா

*

மாண்ட்ரியல்
8 ஜனவரி 2007

என் அன்பு அப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் விட்டுப்போன கம்பளிக் கையுறை இங்கே இருக்கிறது. அங்கே அவ்வளவு குளிர் இருக்காது என்று அம்மா சொல்கிறாள்.

கடைசி நாள் இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். இன்று யாரும் தன் கிளாஸில் தானே ஊற்றக் கூடாது, ஜப்பான் விதி என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "சாப்பிடற நேரத்துல என்ன விளையாட்டு" என்று சொன்னாலும் அம்மா உட்கார்ந்தாள். நான் உங்கள் இருவருக்கும் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினேன். நீங்கள் எனக்கு ஊற்றினீர்கள். உங்கள் கிளாஸ் காலியானது, அம்மாவின் கிளாஸும் காலியானது. நான் வேண்டுமென்றேதான் அப்பளம் எடுக்கப் போனேன். அப்பளம் முன்பே பொரித்து வைத்ததுதான். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டிச் சத்தம்கூட இல்லை. கடைசியில் நீங்கள், "தீப்தி, அப்பளம் ஆச்சாம்மா?" என்றீர்கள்.

நான் வந்தபோது இரண்டு கிளாஸும் அப்படியே இருந்தன. ஜூஸ் ஜக் நடுவில் இருந்தது. அம்மா எழுந்துபோய், குழாயைத் திறந்து, நின்றபடியே தண்ணீர் குடித்தாள். ஜனவரியில் இங்கே குழாய்த் தண்ணீர் எப்படிப் பல்லைக் கூசவைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் உங்களுக்கு ஊற்ற வந்தபோது, "எனக்குப் போதும்மா" என்றீர்கள்.

மார்ச் பற்றி நேரில் பேசுவோம் என்று எழுதியிருந்தீர்கள். பத்து நாளும் பேசவில்லை. நீங்கள் வருகிறீர்களா, இல்லையா? எனக்கு ஒரு சொல் போதும்.

தீப்தி

*

ஒசாகா
27 ஜனவரி 2007

என் தீப்திக்கு,

இல்லை.

ஒரு சொல் கேட்டாய், எழுதிவிட்டேன். அதற்குமேல் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. வேலையை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். நான்தான் கேட்டு வாங்கினேன். நானும் அம்மாவும் தனித்தனியாக இருப்பது என்று போன கோடையிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் உனக்குச் சொல்வது எளிதாக இருந்திருக்கும். யார் சொல்வது என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று ஜக் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஊற்றப் போய், அம்மா வேண்டாம் என்றால், அது உன் காதில் விழும் என்று பயந்தேன். நீ தவறு எதுவும் செய்யவில்லை, கண்ணு. அம்மா மீதும் கோபப்படாதே.

எழுது. திட்டியாவது எழுது.

அப்பா

*

ஒசாகா
15 ஏப்ரல் 2007

தீப்திக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். இங்கே செர்ரி பூத்து உதிர்ந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் பூங்காவில் மரத்தடியில் பாய் விரித்துக் குடித்தார்கள். நான் போகவில்லை.

அப்பா

*

லொங்குய்ய்
3 ஜூலை 2007

அன்புள்ள அப்பாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. உட்கார்ந்து எழுதத் தொடங்கினால், நீங்கள் வந்தபிறகு செய்யலாம் என்று வைத்திருந்த விஷயங்களே வந்துகொண்டிருந்தன. அவற்றை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். அம்மாவின் புதிய அலுவலகம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். எல்லோரும் வீடு மாறும் நாளான ஜூலை முதல் தேதி ஊரே மெத்தையையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றது, நாங்களும் நின்றோம். புறப்படும்போது சிவநேசம் ஆன்ட்டி, "அப்பாவுக்குப் புது விலாசம் குடுத்திட்டியே?" என்று கேட்டார். எப்ப வாறார் என்று கேட்கவில்லை. அம்மா சொல்லியிருப்பாள் போல.

லாரியில் வரும்போது அம்மாவிடம் ஒன்று கேட்டேன். அன்றைக்கு நீ ஏன் ஊற்றவில்லை என்று. அம்மா பாலத்தைப் பார்த்தபடி, "ஊத்தியிருந்தா நீ நம்பியிருப்ப, தீப்தி" என்றாள். அது உண்மைதான். நான் நம்பியிருப்பேன்.

இங்கே கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பிரெஞ்சு பேசும் ஒரு வயதான கெபெக்காரர். கீழே வாசலில் தபால் பெட்டிகள் இருக்கின்றன. என்னைக் கூப்பிட்டு, எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். பெட்டிக்குக் குடும்பப் பெயர் போதும் என்று சொல்லி, வீட்டு ஒப்பந்தத்தைப் பார்த்தார். அதில் தேவிகா சரத், தீப்தி சரத் என்று இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 'சரத்' என்று மட்டும் எழுதி ஒட்டினார்.

அது என் அப்பாவின் பெயர், அவர் இங்கே இல்லை என்று அவருக்கு விளக்க என்னிடம் பிரெஞ்சு இருந்தது. சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு மேலே வந்து, புத்தகப் பெட்டிகளைப் பிரித்தேன்.

முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். நீங்கள் எழுதினால் வந்து சேரும்.

தீப்தி