நகல் என்று நான் நம்பியது

மார்ச் 2
இன்று முதல் மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு டியூட்டி போடுவது என் மென்பொருள். கேக் வெட்டினார்கள். மேனேஜர் பேசியதைக் கேட்டவர்கள் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைத்திருப்பார்கள். இத்தனை வருடம் டியூட்டிப் பட்டியலைப் பென்சிலால் போட்டு வந்த கிளார்க், எல்லாருக்கும் பென்சில் அக்கா, கேக்கைத் தொடவில்லை. பசியில்லையாம்.

மார்ச் 3
என் படைப்பின் மகுடம் சோதனைப் பட்டியல். நிஜப் பட்டியலை நகலெடுத்துத் தரும். தலைமை நர்ஸ் அதில் யாரை எந்த நாளுக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போட்டுப் பார்க்கலாம், நிஜத்துக்கு ஒன்றும் ஆகாது. நிஜத்தில் கைவைக்கும் உரிமை பென்சில் அக்காவுக்கு மட்டும். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பொறாமை.

அம்மா போன் செய்தாள். "வேலை பர்மனென்ட் ஆயிடுச்சான்னு சித்தி கேட்டா. ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன்." மாதக் கடைசியில்தான் முடிவு செய்வார்கள் என்று எத்தனை முறை சொல்வது!

மார்ச் 10
இன்று செவ்வாய். காலை ஏழு மணிக்குக் குழந்தைகள் வார்டுக்கு யாரும் வரவில்லை. இரவு டியூட்டி நர்ஸ் பதினைந்து குழந்தைகளோடு தனியாக மதியம்வரை நின்றிருக்கிறாள். வர வேண்டியவளைக் கேட்டால், "எனக்கு வியாழக்கிழமைன்னுதானே காட்டுது" என்று போனை நீட்டுகிறாள். அப்படித்தான் காட்டுகிறது.

மார்ச் 11
மேனேஜர் அறிக்கை கேட்டார். 'மென்பொருளில் பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சும்மா இல்லை, சோதித்துவிட்டுத்தான். சோதனைப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வாரத்தைச் சேர்த்தேன். நிஜத்தில் அதே நான்கு வாரம். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மார்ச் 12
மென்பொருள் உத்தமம் என்றால் மாற்றியது யார்? உரிமை ஒருவருக்குத்தானே. பென்சில் அக்காவைத் திங்கள் முதல் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றுகிறார்களாம். அவருக்கு வீசிங் உண்டு. அந்த அறையில் நானே இரண்டு நிமிடம் நின்றால் தும்முவேன்.

நடைவழியில் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று பார்த்தால் கேள்வி கேட்கிறார்.

"சோதனையில மாத்தினா நிஜம் மாறாதுன்னு பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்க்கா."

"எப்படிப் பார்த்த?"

"ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தேன்."

"வாரத்தை யாரு சேர்க்கப் போறா? வாரத்துக்குள்ள இருக்கற ஆளைத்தானே அவங்க மாத்துவாங்க?"

எனக்கே நிரல் சொல்லித் தருகிறார், பாருங்கள்.

மார்ச் 13
பார்த்தேன். சோதனையில் ஒரு பெயரைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்குத் தள்ளினேன். நிஜத்தைத் திறந்தேன். அங்கேயும் வியாழன்.

மாதம் ஒரு பட்டியல். அதற்குள் நான்கு வாரப் பட்டியல்கள். நான் எடுத்தது மேலோட்டமான நகல். வெளிப் பட்டியல் மட்டும் புதிது. உள்ளே இருக்கும் வாரங்கள் நகலாகவே இல்லை. சோதனையும் நிஜமும் அதே நான்கு வாரங்களைத்தான் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒரு வாரத்தைச் சேர்த்தால் அது வெளிப் பட்டியலோடு நின்றுவிடும், அதனால்தான் என் மகத்தான சோதனை தேறிவிட்டது. வாரத்துக்குள் கைவைத்தால் இரண்டிலும் மாறும். இன்னொரு சாவி செய்துவிட்டு இன்னொரு வீடு கட்டிவிட்டதாகப் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் ஆழ நகல் என்று ஒன்று உண்டு. முதல் வருடத்திலேயே படித்தது. ஒரு வரி. திருத்த இரண்டு நிமிடம்.

திருத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியும்? — ஐயோ, அவங்க அந்தத் தூசியில போய் உட்காரணும். என் கையெழுத்தாலதான். நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

மார்ச் 14
மேனேஜர் அறையில் சொல்லிவிட்டேன், தலைமை நர்ஸையும் கூப்பிட்டு வைத்து. மேனேஜருக்கு ஒரே கவலைதான்: "திருத்தியாச்சுல்ல? அப்புறம் எதுக்கும்மா இதை எழுத்துல குடுக்கற?"

தலைமை நர்ஸின் முகம் வெளிறிவிட்டது. "அப்ப அன்னிக்கு அந்தப் பொண்ணை மாத்தினது நானா?"

"நீங்க சோதனையிலதான் மாத்தினீங்க. நிஜத்துல மாத்தினது என்னோட நகல்," என்றேன். புதிய அறிக்கையை மேஜையில் வைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

மார்ச் 16
பென்சில் அக்கா தன் மேஜையிலேயே இருக்கிறார். என் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றார்.

மார்ச் 31
பர்மனென்ட் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். சித்தியைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே பர்மனென்ட் என்பதால் அம்மாவுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

மாலையில் பென்சில் அக்கா என் மேஜைக்கு வந்தார். கையில் ஏப்ரல் பட்டியல், பென்சிலால் எழுதியது. நிறுத்தவே இல்லை போலிருக்கிறது. அதன் ஜெராக்ஸை என் முன்னால் வைத்தார்.

"மாசாமாசம் உன்னோடதோட ஒத்துப் பார்க்கலாம். இதுல நீ என்ன கிறுக்கினாலும் என்னோடது மாறாது."

சிரிக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"முதல் வாரத்தைப் படி."

படித்தேன்.